வாயில் ஆறாத புண்ணா? பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்!



"ஏனுங்க, கன்னத்துக்குள்ளே என்னமோ வெள்ளையா இருக்குதே?" என்று மனைவி கேட்கிறாள். "சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும், தானா போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கணவர் காட்டுக்குப் போய்விடுகிறார். சேந்தமங்கலத்திலும், மேலே கொல்லிமலையிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சுதான் இது. சுண்ணாம்புப் புண் சில நாளில் ஆறிவிடும். இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் சும்மா இருக்கலாகாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை. புகையிலை, பாக்கு, பீடி, மது பழக்கமுள்ளவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். "பொகையிலை போடறதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்துள்ளது.

செல் பரிசோதனை என்பது என்ன?

சுவருக்குச் செங்கல் போல, வாயின் உட்தோலுக்கு 'செல்' எனும் நுண்ணிய அணுக்கள். மருத்துவர் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சிறு பிரஷ்ஷால் அல்லது மரக்குச்சியால் திட்டின் மேல் தேய்த்து எடுப்பார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஆல்கஹாலில் நனைத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நல்ல செல்லில் நடுவிலுள்ள கரு சிறியது. கெடத் தொடங்கிய செல்லில் கரு பெருத்து, உருமாறிக் கிடக்கும். காளான் தொற்று இருந்தாலும் தெரியும். இதற்குத் தையல் கிடையாது, பெரிய வலியும் கிடையாது.

தாய்மார்கள் பலர் அறிந்த பாப் பரிசோதனையும் இதே வகைதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை இவ்வாறு கண்டறியலாமென்று டாக்டர் பாப்பனிகொலாவ் 1943-ல் தம் நூலில் விளக்கினார்.

ஒன்றை மறக்காதீர்கள். பிரஷ்ஷில் வருவது பெரும்பாலும் மேல்பூச்சுதான். "ஒன்றுமில்லை" என்று முடிவு வந்த பிறகும் திட்டு மறையவில்லையா? மறுபடி போய்க் காட்டுங்கள். சந்தேகமிருந்தால் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். நோயை உறுதி செய்வது அதுவே. "சதை எடுத்தா நோய் பரவிடும்" என்பது வீண் பயம்.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுகளுக்குச் சென்று வாயைப் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005-ல் வெளியான முடிவு காட்டியது. வெறும் கண்பார்வைக்கே இத்தனை பலன்!

ஆகவே மாதம் ஒருநாள், நல்ல வெளிச்சத்தில், கணவன் மனைவி வாயையும் மனைவி கணவன் வாயையும் பாருங்கள். நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், ஈறு எதையும் விடாதீர்கள். சந்தேகமிருந்தால் நீங்களே சுரண்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மலைமேல் இருப்பவர்கள் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது சிரமந்தான். ஆனால் ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். தள்ளிப்போட்ட நாட்கள் திரும்பி வரா!