மெதுவாக வாசிப்பவர் எழுத்தாளர் ஆகலாமா?

மாணவர்களே, நண்பர் ஒரு பக்கத்தை முடித்த பிறகும் நீங்கள் நான்காவது வரியிலேயே நிற்கிறீர்களா?

பேச்சு குழந்தைகளுக்குத் தானாக வரும். வாசிப்பு, கற்றால்தான் வரும். எழுத்து வடிவத்தை ஒலியோடு இணைக்க மூளை பழக வேண்டும். 'டிஸ்லெக்சியா' உள்ளவர்களுக்கு இந்த இணைப்பு எளிதில் அமைவதில்லை. அதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒக்டேவியா பட்லருக்கும் (1947–2006) டிஸ்லெக்சியா இருந்தது. மெதுவாகத்தான் வாசிப்பார், ஆனாலும் சிறுவயது முதலே நூலகமே கதியென்று இருந்தார். ஒலிநூல்களையும் விரும்பிக் கேட்டார். 12 நாவல்கள் எழுதினார். 1995இல் மெக்கார்தர் நிதிநல்கையைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளரும் அவரே.

உங்களுக்கும் வாசிப்பது சிரமமா? தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். டிஸ்லெக்சியா உறுதியானால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கலாம். வீட்டில், ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே அதே பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.