நர்சுகளுக்கு வேலையில் மனநிறைவு உண்டா?

தாராவி, கோலிவாடா பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது சயான் ஆஸ்பத்திரிதான். எந்த ஆஸ்பத்திரியானாலும் வார்டுக்கு டாக்டர் வந்து போவது சில நிமிடங்கள். ஊசி போடுவது, குளுக்கோஸ் பாட்டிலை மாற்றுவது, "சிஸ்டர்" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் பதில் சொல்வது எல்லாம் நர்சுகள் பாடு. இந்த வேலையில் அவர்களுக்கு மனநிறைவு உண்டா?

உண்டு என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது.

42 ஆண்டு பணிவிடை

பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் அருணா ஷான்பாக். வாசகர்கள் பலரைப் போலவே பிழைப்புக்காக வெளிமாநிலத்தில் இருந்து வந்தவர். கர்நாடகத்து ஹல்திப்பூர் சொந்த ஊர். 1973 நவம்பர் 27-ந் தேதி ஆஸ்பத்திரிக்குள்ளேயே துப்புரவு ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு, கடைசி வரை சுயநினைவு திரும்பவில்லை.

அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவர்கள் அதே ஆஸ்பத்திரி நர்சுகள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போனதும் அடுத்த தலைமுறை அந்தப் பொறுப்பை ஏற்றது. கருணைக் கொலைக்கு அனுமதி கேட்டு வெளியார் ஒருவர் மனுப் போட்டபோது ஆஸ்பத்திரி ஊழியர்கள் கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மனுவைத் தள்ளியதோடு, ஊழியர்களின் பணிவிடையையும் மனமாரப் பாராட்டியது. 2015 மே 18-ந் தேதி அருணா காலமானபோது அவரைப் பராமரித்தவர்களில் பலர் அவர் தாக்கப்பட்ட பிறகு பிறந்தவர்கள். சம்பளத்துக்காக மட்டும் இதை யாரும் செய்துவிட முடியாது.

ஆனால் மனநிறைவைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியுமா?

சம்பளத்தில் பள்ளம்

மத்திய அரசு நர்சுக்கு, ரெயில்வே ஆஸ்பத்திரி உள்பட, 7-வது சம்பள கமிஷன்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். சின்ன தனியார் நர்சிங் ஹோமில் அதே படிப்பு படித்தவர் வாங்குவது அதற்கு எட்டாத தொகை. மாற்று ஆள் வராவிட்டால் இரவு டியூட்டி மறுநாள் பகலிலும் நீளும். ரிலீவர் வராத ஸ்டேஷன் மாஸ்டர் கதைதான்!

2011-ல் மும்பையிலும் டெல்லியிலும் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாண்டு எழுதி வாங்கி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அவர்களுடைய பெரிய மனக்குறை.

2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு சொன்னது. ஆனால் அது சிபாரிசுதான். சட்டமாக்க வேண்டியவை மாநில அரசுகள்.

ஊரில் இருந்து அக்கா மகளையோ தங்கையையோ நர்சு வேலைக்கு அழைத்து வருகிறவர்கள், சேரும் முன்பே அங்கே எத்தனை படுக்கை, என்ன சம்பளம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழ் கேட்டால் நகலைக் கொடுங்கள். அசல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.