பின்னிருந்து வரும் ஒலி

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிச் சென்ற நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முன்னே செல்லும் கூட்டம் "கோவிந்தா" என்று முழங்குகிறது. நாம் நம் பாட்டுக்கு நடக்கிறோம். அதே முழக்கம் முதுகுக்குப் பின்னால் திடீரென்று எழுந்தால் தலை தானாகத் திரும்புகிறது. ஒலி பின்னிருந்து வந்தது என்று நமக்குச் சொன்னவர் யார்?

நம் இரு செவிகளே சொல்லின. வலப்பக்கத்தில் எழும் ஒலி முதலில் வலச் செவியை அடைகிறது. இடச் செவிக்கு அது சற்றுத் தாழ்ந்து வருகிறது. அந்தத் தாழ்வு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் மூளைக்கு அது போதும். முன் எது, பின் எது என்று பிரித்தறியச் செவிமடலின் மடிப்புகளும் தலையின் அசைவும் துணை செய்கின்றன.

இந்த இயற்கைத் திறனை நம்பியே சூழொலி பிறந்தது. 1940-இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' படத்திற்காகவே திரையரங்குகளில் பல ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தார்கள். தமிழில் 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி சூழொலியுடன் வெளியாயிற்று. இன்று அதே ஒலி நம் வீட்டுக் கூடத்திற்கு வந்துவிட்டது. 5.1 என்று கடையில் சொல்கிறார்களே, அதன் பொருள் எளியது. முன்னே இடமும் வலமுமாக இரண்டு; வசனத்திற்கென நடுவில் ஒன்று; பக்கத்தில் சற்றுப் பின்னாக இரண்டு. ஆக ஐந்து. தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் தரும் சப்வூபரே அந்தப் புள்ளி ஒன்று.

இவற்றுள் பின்னிரண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன்.

சித்தூரில் என் மாமா வீட்டில் பாட்டிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பார்வை மங்கிவிட்டது. திரைப்படம் என்றால் அவருக்குக் காதால் கேட்பதுதான். "நீதான் பௌதிகம் படிக்கிறவனாச்சே, நல்லதாப் பார்த்து வாங்கி வாப்பா" என்று மாமா பணத்தை என் கையில் தந்தார். அது அவர் பல மாதம் சேர்த்த பணம். நான் திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சூழொலி என்றால் பின்னொலிதானே என்று எண்ணி, ஆள் இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளைப் பின்புறத்திற்கென வாங்கினேன். பணம் தீர்ந்தது. நடு ஒலிபெருக்கியைப் பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

கூடம் பத்தடிக்குப் பதினாலடி. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. பாட்டி அதன் ஓரத்தில் அமர்ந்தார். அவர் காதருகே ஒன்றரை அடியில் அந்தப் பெரிய பெட்டி. படம் ஓடிற்று. அரைமணி கழித்துப் பாட்டி சொன்னார்: "எல்லாச் சத்தமும் கேக்குது கண்ணு. பேச்சு மட்டும் கேக்கலையே."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபெல் உயரும். முன்னுள்ளவை பத்தடியில், பின்னுள்ளது ஒன்றரை அடியில்! வசனத்தை மழையும் வண்டியும் விழுங்கியதில் வியப்பென்ன?

கடைக்காரர் நல்லவர், மாற்றித் தந்தார். இம்முறை நான் கைக்கொண்ட முறைகளை நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பணத்தை நடு ஒலிபெருக்கிக்கு முதலில் ஒதுக்குக. படத்தின் பேச்செல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. பின்னுள்ளவை துணைவரே, தலைவர் அல்லர்.

இரண்டாவது, பின்னொலிக்குச் சிறிய பெட்டியே போதும். ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூபரிடம் ஒப்படைத்துவிடலாம். அவ்வளவு தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் அறியாது. ஆனால் முன்னுள்ளவற்றின் குரலும் பின்னுள்ளவற்றின் குரலும் ஒத்திருக்க வேண்டும். முன்னிருந்து பின்னுக்குப் பறக்கும் பறவை பாதி வழியில் குரல் மாறலாமா? கூடுமானவரை ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குக.

மூன்றாவது, பெட்டிமேல் எழுதியிருக்கும் வாட்டைக் கண்டு மயங்காதீர். 50 வாட் 100 ஆனால் ஒலி இரு மடங்காவதில்லை. 3 டெசிபெல்தான் கூடுகிறது. செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். ஒலிபெருக்கியின் ஓம் அளவு ஆம்ப்ளிபையர் ஏற்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

நான்காவது, இடம். நேர் முன்னைச் சுழி என்று கொண்டால் இருபுறமும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், பக்கச் சுவர்களில் மாட்டுவது நன்று. உயரம் அமர்ந்தவர் காதுக்கு மேல் இரண்டடி. நாங்கள் சோபாவையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தோம்.

ஐந்தாவது, தொலைவைக் கருவியில் பதிவு செய்க. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 1,125 அடி செல்கிறது. எட்டடி வேறுபாடு ஆயிரத்தில் 7 பங்கு வினாடியாகும். அதனை ஆம்ப்ளிபையரே ஈடுசெய்துவிடும். பிறகு சோதனை இரைச்சலை ஒவ்வொன்றிலும் ஒலிக்கவிட்டு, எல்லாம் ஒரே அளவாகக் கேட்கும்படி திருத்துக. பார்ப்பவர் அமரும் இடத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். நான் பாட்டியின் இடத்தில் அமர்ந்தே செய்தேன்.

வெறும் சுவரும் மொசைக் தரையும் ஒலியை எதிரொலித்துப் பேச்சைக் குழப்பும். தரையில் ஒரு ஜமக்காளமும் சன்னலுக்குத் தடித்த திரையும் போட்டோம். செலவு சிறிது, பயன் பெரிது.

அடுத்த ஞாயிறு அதே படத்தை மீண்டும் போட்டோம். பாட்டி அசையாமல் கேட்டார். வசனங்களுக்குச் சிரித்தார். கதையில் மழை பிடித்தது. பாட்டி சட்டென்று வலப்புறம் தலையைத் திருப்பினார். "மாடியில துணி காயுதே, யாராச்சும் ஓடுங்க!" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பணம் வீண்போகவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டேன்.

நண்பர்களே, கடைக்குப் போகுமுன் அளவு நாடாவுடன் வீட்டுக் கூடத்திற்குப் போங்கள். அங்கே அமர்ந்து கேட்கப்போகிறவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெட்டியைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.