அச்சமும் ஆசையும்

மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அதை எவ்வழியில் உண்டாக்குவது என்ற வினா எழும்போதுதான் ஆசையும் அச்சமும் ஆலோசனை கூற முன்வருகின்றன. இவ்விரண்டையும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் நாட்டின் அனுபவம் தக்க சான்றாகும்.

2011 மார்ச் 11 அன்று அந்நாட்டின் வடகிழக்குக் கடலில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை, ஒனகவா, புகுஷிமா ஆகிய இடங்களிலிருந்த அணுமின் நிலையங்களைத் தாக்கியது. பூகம்பம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது ஒனகவாதான். ஆயினும் அது தப்பிற்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் அது கட்டப்பட்டிருந்தது. அவ்வுயரத்தை வற்புறுத்தியவர் யானோசுகே ஹிராய் என்ற பொறியியல் நிபுணர். அன்று வீடிழந்த ஊரார் அந்நிலையத்திலேயே தஞ்சம் புகுந்தனர்.

புகுஷிமாவிலோ, 35 மீட்டர் உயர்ந்திருந்த மேட்டைச் சுமார் 10 மீட்டராக வெட்டித் தாழ்த்தி நிலையத்தை அமைத்தனர். உறுதியான பாறை கிடைக்கும், கடல்நீரை மேலேற்றும் செலவும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. 15 மீட்டருக்கு மேற்பட்ட அலை வரக்கூடும் என்று 2008இல் கம்பெனியின் சொந்தக் கணிப்பே காட்டிற்று. மேலும் ஆராயலாம் என்று அதை ஒத்திவைத்தனர். அலை வந்தது, அவசர மின்சாரம் தரும் யந்திரங்கள் நீரில் மூழ்கின, மூன்று உலைகள் உருகின. இது ஆசை விளைத்த கேடு.

அடுத்து வந்தது அச்சம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினர். வயோதிகரும் நோயாளிகளும் போதிய ஏற்பாடின்றி இடம் மாற்றப்பட்டனர். அலைக்குத் தப்பியும் இடப்பெயர்வு முதலிய இன்னல்களால் பின்னர் மாண்டோர், புகுஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000க்கும் அதிகம். கதிர்வீச்சினால் நேர்ந்ததென அரசாங்கம் 2018இல் ஏற்றுக்கொண்ட மரணமோ ஒன்று. நாடெங்கும் உலைகளை நிறுத்தி, நிலக்கரியும் எரிவாயுவும் இறக்குமதி செய்து எரித்தனர். நிலக்கரிப் புகையும் உயிரைக் குடிப்பதுதான். பழகிய தீங்காதலால் அதற்கு நாம் அஞ்சுவதில்லை.

தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும் கைகாவிலும் அணுமின் நிலையங்கள் உள்ளன. பிற இடங்களில் அணைகளும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. நேயர்களாகிய நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலும் இவற்றுள் ஒன்று இருக்கலாம். ஆபத்தே இல்லாத வழி எதுவும் இல்லை. ஆகவே மூன்று வினாக்களை எழுப்புவோம்: மிச்சமாகும் பணம் யாருக்கு? நேரும் ஆபத்து யாருக்கு? இதை விடுத்தால் அதன் இடத்தில் வருவது எது? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே ஆம் என்றோ, இல்லை என்றோ சொல்வது அறிவுடைமை.