கருவிழிப் புண்ணும் கிருமிச் சோதனையும்

அறுவடை நாளில் நெல் உமியோ கரும்புத் தோகையோ கண்ணிற் பட்டால், தண்ணீரால் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வது குடியானவர் வழக்கம். ஓரிரு நாளில் கருவிழியில் வெண்புள்ளி தோன்றி, வலியும் கூச்சமும் மிகுந்து, பார்வை மங்குமாயின் அது சாதாரணக் கண்வலியன்று, கருவிழிப் புண்ணாகும். 1994-ஆம் ஆண்டில் மதுரையில் மூன்று மாத காலம் ஆராயப்பட்ட 434 நோயாளிகளுள் 284 பேர் கண்ணில் அடிபட்டவர்களே. சோதனையில் கிருமி வளர்ந்த கண்களில் பாக்டீரியாவும் காளானும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன.

இவ்விரண்டையும் வெறும் பார்வையால் பிரித்தறிதல் தேர்ந்த மருத்துவருக்கும் அரிது, மருந்தோ வெவ்வேறு. ஆகவே கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் விளிம்பிலும் அடியிலும் சிறிது சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுகின்றனர். கிராம் என்னும் அறிஞர் 1884-இல் வெளியிட்ட முறைப்படி சாயமேற்றி உருப்பெருக்கியில் நோக்கினால், நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா ஊதா நிறத்தில் இணை இணையாகத் தெரியும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் காளானின் இழைகள் புலப்படும். மீதியை இரத்தம் கலந்த ஊட்டப் பொருளில் இட்டு வளர்த்தால் பாக்டீரியா ஓரிரு நாளில் முளைக்கும். காளானுக்கு ஒரு வாரமும் ஆகலாம்.

கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இச்சோதனையையே கெடுத்துவிடும். ஆன்டிபயாடிக் இட்ட கண்ணில் கிருமி வளராமற் போகலாம். ஸ்டீராய்டு கலந்ததாயின், சிவப்பைத் தணித்து நம்மை ஏமாற்றிவிட்டு உள்ளே காளானைப் பெருக்கும். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் இதற்கு மருந்தல்ல என்று நாம் ஊர்தோறும் சொல்லிவந்தும் அவ்வழக்கம் முற்றும் ஒழியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள், கண்ணில் அடிபட்டவரை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புவார்களாக. ஏற்கெனவே ஏதேனும் மருந்து இட்டிருந்தால், அப்புட்டியையும் உடன் கொடுத்தனுப்புவது நலம்.