பழைய ஜீப்: மீட்பதா, மாற்றுவதா?

சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு என்று நடுத்தரக் குடும்பத்தின் கனவுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமைகின்றன. அந்த வரிசைக்கு வெளியே, பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சீரமைத்து மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை வாழ்நாள் விருப்பமாகக் கொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த விருப்பத்துக்கே செலவாகின்றன. பார்ப்பவர்களுக்கு, காயலான் கடைக்குப் போக வேண்டிய இரும்பின் மீது கொட்டப்படும் காசாக அது தோன்றலாம்.

ஆனால், இந்தக் கனவு ஒருவரின் பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. சாலைப் பாதுகாப்பு, மோட்டார் வாகனச் சட்டம், பட்டறைத் தொழிலாளரின் கைத்திறன் ஆகிய மூன்றும் இதில் பிணைந்திருக்கின்றன. பழைய ஊர்தியை அதன் இயல்பான நிலைக்கு மீட்பது ஒன்று. அதை வேறோர் ஊர்தியாக மாற்றுவது வேறொன்று. இந்த வேறுபாடு கனவு காண்பவருக்கும் தெரிய வேண்டும். விதிகளை வகுப்போருக்கும் தெரிய வேண்டும்.

ஜீப்பின் கதை போரில் தொடங்குகிறது. எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் உந்தும் வேவு வாகனம் ஒன்றை உருவாக்கித் தருமாறு 1940-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களைக் கேட்டது. பேன்டம் என்கிற சிறிய நிறுவனம் 49 நாள்களில் முதல் மாதிரியை ஒப்படைத்தது. அதன் வழியில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைத் தயாரித்தன. போருக்குப் பிறகு மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் உள்நாட்டிலேயே தயாரித்தது. 1953-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'சிஜே-3பி' வடிவம், அங்கு கைவிடப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் இங்கு தொடர்ந்தது. 1980-களில் பியூஜோ வடிவமைத்த டீசல் என்ஜினுடன் 'எம்எம் 540' வந்தது. 1985-இல் மாருதியின் ஜிப்சி வந்தது.

வட்டார வளர்ச்சி அலுவலகம், காவல் நிலையம், வனத்துறை, தேர்தல் பிரசாரம் என்று தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் ஜீப் இல்லாத இடம் இருந்ததில்லை. ஜீப் வருகிறது என்றால் அரசாங்கம் வருகிறது என்று கிராமம் புரிந்துகொண்ட காலம் அது. இன்றும் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்ட எல்லையில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில் பயணிகளைச் சுமந்து செல்பவை ஜீப்கள்தான். பழைய ஜீப்பைத் தேடி அலைபவர்களில் பலர் உண்மையில் தேடுவது, சிறுவயதில் கண்ட அந்தக் காட்சியை.

இந்த ஊர்திகளை மீட்க முடிவதற்குக் காரணம் அவற்றின் எளிமை. ஏணியைப் போன்ற இரும்புச் சட்டகம். அதன்மீது போல்ட் போட்டு முடுக்கப்பட்ட உடற்கூடு. அடியில் பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். கணினி இல்லை, உணரிகள் இல்லை. எதைக் கழற்றினாலும் கண்ணால் பார்த்தே பழுதை அறியலாம். தேய்ந்த பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து கொள்ளலாம்.

இவற்றின் ஆற்றல் என்ஜினில் இல்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். திறன் 60 குதிரைத்திறன். எம்எம் 540-இன் டீசல் என்ஜினும் ஏறக்குறைய அதே திறன் கொண்டதுதான். இன்றைய சிறிய கார்களே இதற்கு ஈடான திறன் பெற்றிருக்கின்றன. வேறுபாட்டை உண்டாக்குவது, கியர் பாக்ஸை அடுத்துள்ள 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் பகுதி. என்ஜினின் உந்துவிசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து தருவது அதுதான். அதிலுள்ள தாழ்நிலைப் பற்சக்கரத்தை இணைத்தால் வேகம் குறைந்து இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகும். செங்குத்தான ஏற்றத்தில் ஜீப் பதறாமல் ஊர்ந்து ஏறுவதன் ரகசியம் இதுவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் செல்கின்றன. பழைய ஜீப்களில் அந்த வேறுபாட்டைச் சமன்செய்யும் அமைப்பு இரு அச்சுகளுக்கும் இடையே இல்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் மீதும் அச்சுகளின் மீதும் ஏறும். எனவே, நான்கு சக்கர உந்துதலைக் கெட்டியான சாலையில் பயன்படுத்தக் கூடாது. இதை அறியாதவர் பாடுபட்டுச் சீரமைத்ததைத் தம் கையாலேயே கெடுத்துக்கொள்வார்.

சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சட்டகம். துரு தின்ற இடங்களும் பழைய விபத்தின் வளைவுகளும் அங்குதான் ஒளிந்திருக்கும். அடுத்தது பிரேக்கும் ஸ்டீரிங்கும். மிகப் பழைய ஜீப்களில் நான்கு சக்கர பிரேக்குகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கும். முன்சக்கரக் கிங்பின் தேய்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீரிங் கட்டுக்கடங்காமல் ஆடும். மூன்றாவதாக என்ஜின், கியர் பாக்ஸ், அச்சுகள். பிறகு மின்கம்பிகள், தீ விபத்துக்கு வழிவகுப்பவை பழைய கம்பிகளே. டிங்கர் வேலையும் வர்ணமும் கடைசியில் வர வேண்டியவை. நடைமுறையில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். பளபளக்கும் வர்ணமும் பெரிய டயரும் முதலில் வருகின்றன. பிரேக்குக்கு வரும்போது கையில் காசு இருப்பதில்லை.

பெரிய டயரும் உயர்த்திய ஸ்பிரிங்கும்தான் இந்தக் கனவின் பெரிய சபலங்கள். போர்க்கால ஜீப்பின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 49 அங்குலம் மட்டுமே. அகலம் குறைந்த ஊர்தியை மேலும் உயர்த்தினால் அதன் எடைமையம் மேலேறும். சாதாரணத் திருப்பத்திலும் கவிழும் வாய்ப்பு கூடும். டயரின் விட்டம் கூடும்போது அதே பிரேக்கின் பிடிமானம் குறைந்துவிடும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். அச்சுகளின் மீதான சுமை ஏறும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். இவற்றுக்கு ஈடாக மற்ற அமைப்புகளையும் கணக்கிட்டு மாற்றத் தெரிந்தவர்கள் சிலரே. அந்தக் கணக்குத் தவறினால் பாதிக்கப்படுவது ஓட்டுபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும்தான்.

சட்டம் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. எரிபொருள் முறையை மாற்றுவது போன்ற சில விதிவிலக்குகள் அதிலேயே கூறப்பட்டுள்ளன. என்ஜினை மாற்றினால் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இந்தப் பிரிவின் வரம்பை உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது.

எனவே, ஜீப் வாங்க நினைப்பவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு ஆவணங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்களின் பாகங்களைத் திரட்டிப் புதிதாக ஜீப் செய்து தரும் தொழில், ஹரியாணாவின் மண்டி தப்வாலி போன்ற ஊர்களில் பெயர்பெற்றது. அத்தகைய ஊர்தியின் சட்டகம் ஓரிடத்தது, என்ஜின் வேறிடத்தது, பதிவு மூன்றாவது ஊர்தியினுடையது என்று இருந்துவிடக் கூடும். சட்டகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் அது சாலைக்கு உரிய ஊர்தியாகாது. வெளிமாநில வண்டி என்றால் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இன்றி இங்கு மறுபதிவு கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விடுவது இந்த விஷயத்தில் மிகவும் விலை கூடியது.

சொந்தப் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இலகுரக ஊர்திகளின் புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய ஊர்திகளைச் சாலையிலிருந்து விலக்குவதே இதன் நோக்கம். புகை கக்கும் பழைய ஊர்திகள் அன்றாடம் ஓடும் நகரங்களில் அந்த நோக்கம் நியாயமானது என்பதில் ஐயமில்லை.

மறுபுறம், 50 ஆண்டுகளைக் கடந்த ஊர்திகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. 'விஏ' என்ற எழுத்துகளைக் கொண்ட பதிவெண், 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டுகள் செல்லுபடி ஆகியவை அவற்றில் அடங்கும். சட்டகம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அணிவகுப்பு, கண்காட்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். பாரம்பரியத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதை ஏற்ற வகையில் இது வரவேற்கத்தக்க முன்னேற்றம்.

ஆயினும், 1980-களிலும் 1990-களிலும் தயாரான ஜீப்களும் ஜிப்சிகளும் இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்கின்றன. பாரம்பரிய ஊர்தி என்று கொள்ள வயது போதவில்லை. சாதாரண ஊர்தி என்று கொள்ள வயது கூடிவிட்டது. இன்று மீட்டெடுக்கப்படும் ஊர்திகளில் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட வகையே.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் முதல் பதிவிலிருந்து 30 ஆண்டுகளைக் கடந்து, இயல்பான வடிவில் நன்கு பராமரிக்கப்படும் ஊர்திகளுக்கு வரலாற்று ஊர்தி என்பதைக் குறிக்கும் தனிப் பதிவெண் 1997 முதல் வழங்கப்படுகிறது. அங்கு மாற்றங்களுக்கும் முழுத் தடை இல்லை; அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் ஆய்ந்து சான்றளித்தால் அவை ஆவணத்தில் பதியப்படும். பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த ஊர்திக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளில் அது பெருமளவு மாற்றப்பட்டிருந்தால் அந்த விலக்கு இல்லை. இரு நாடுகளும் மீட்பவரை ஊக்குவிக்கின்றன. மாற்றுபவரைக் கணக்குக் கேட்கின்றன.

இதில் நாம் கவனிக்கத் தவறும் இன்னொரு தரப்பு உண்டு. கார்புரேட்டரின் ஒலியைக் கேட்டே எரிபொருள் கலவையைச் சரிசெய்பவர், தளர்ந்த ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவைத் திருப்பித் தருபவர், கிடைக்காத பற்சக்கரத்தை வெட்டித் தருபவர் ஆகியோரின் அறிவு பாடநூலில் ஏறவில்லை. இன்றைய ஊர்திகளில் பழுதான பகுதியை முழுதாகக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதே வழக்கம். தந்தையின் பட்டறையில் மகன் உட்காராத காலத்தில், பழைய ஜீப்பை ஒப்படைத்துவிட்டு அருகிலிருந்து கற்றுக்கொள்ளும் ஓர் ஆர்வலர் அந்தக் கைத்திறனின் கடைசி மாணவராகவும் இருக்கக் கூடும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 30 ஆண்டுகளைக் கடந்து இயல்பான வடிவில் இருக்கும் ஊர்திகளுக்கு, ஆண்டுக்கு இத்தனை கி.மீ. என்ற வரம்புடனும் புகைச் சோதனையுடனும் ஒரு தனிப்பிரிவு ஏற்படுத்தலாம். சீட் பெல்ட், இரட்டைச் சுற்று பிரேக் போன்று பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களை ஒரு பட்டியலாக வெளியிட்டு, பொறியியல் கல்லூரிகள் அல்லது அரசு சோதனை மையங்களின் சான்றுடன் ஆர்.சி.யில் பதிய வழி செய்யலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய ஊர்திச் சீரமைப்பை ஒரு குறுகிய காலப் படிப்பாக வைத்து, மூத்த மெக்கானிக்குகளையே பயிற்றுநர்களாக அமர்த்தலாம்.

ஆர்வலர்களுக்கும் கடமை உண்டு. நான்கு சக்கரமும் உந்துகிறது என்பதற்காகக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், ஓடைகளைக் கலக்குவதும், மலைச்சரிவுகளைக் கிழிப்பதும் கூடாது. காப்புக்காட்டில் அத்துமீறுவது வனச் சட்டப்படி குற்றமாகும். தாம் மீட்டெடுத்த ஊர்தி மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ தொல்லையாகவோ ஆகாதபடி பார்த்துக்கொண்டால்தான், சட்டத்தில் அதற்கு ஓர் இடம் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கும்.