மஞ்சள் விளக்கு சொல்வதும் சொல்லாததும்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரின் டேஷ்போர்டில் ஒரு நாள் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் திரையில் ஒரு எண் வருகிறது. அந்த எண்ணோடு தொடர்புடையது என்று சொல்லப்படும் சென்சாரை மாற்றிக் கொடுக்கிறார்கள். சில நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழகிப்போன இந்த வீண்செலவுக்கு அடிப்படையான தவறு ஒன்றுதான்: ஸ்கேனர் காட்டும் எண்ணைக் கெட்டுப்போன பாகத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்வது. அந்த எண் ஒரு புகார் மனு. தீர்ப்பு விசாரணைக்குப் பிறகுதான் வர முடியும்.

இந்த விளக்கு எதற்காக வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்தோடு போராடிய கலிபோர்னியா மாநிலம், தன்னைத்தானே கண்காணிக்கும் இன்ஜின் கணினியை 1988 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஓபிடி-2 என்ற கண்காணிப்பு முறையும் அதன் 16 முனைச் சாக்கெட்டும் அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் வந்தன. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு இந்தக் கண்காணிப்பின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. ஆக, இந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் புகையைக் கட்டுப்படுத்துவது. புகையில் என்ன மாறியது என்று கணினிக்குத் தெரியும். எந்த ரப்பர் குழாய் வெடித்ததால் மாறியது என்று தெரியாது.

அடிக்கடி வரும் பி0171 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது இதன் பொருள். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் எரிதல் சரியாக நடக்கும். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கணினிக்குச் சொல்கிறது. கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளித்து ஈடுகட்டுகிறது. எவ்வளவு கூட்டியும் போதவில்லை என்ற எல்லையைத் தொட்ட பிறகுதான் விளக்கை ஏற்றுகிறது. ஆனால் பெரும்பாலும் மாற்றப்படுவது எது? உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த ஆக்சிஜன் சென்சார்தான். உண்மைக் காரணம் இன்டேக் பகுதியில் ஏர் லீக்காக இருக்கலாம், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஸ்கேனர் ஓட்டத்திலேயே காட்டும். அதற்கு ஃபியூவல் டிரிம் என்று பெயர். காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள காரில், ஐட்லிங்கில் இந்த அளவு 20 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் நான்கைந்து சதவீதமாக இறங்குகிறது என்றால் ஏர் லீக் என்று சந்தேகிக்கலாம். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம். அதில் லீக் வழியாக நுழையும் காற்று பெரும்பங்கு. வேகம் கூடும்போது மொத்தக் காற்று பெருகுவதால் லீக்கின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, வேகமும் பாரமும் கூடக்கூட இந்த அளவும் ஏறினால் பம்பு, ஃபில்டர், காற்று சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். லீக் என்று தோன்றினால் இன்டேக் குழாய்க்குள் லேசான அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் போதும். வெடிப்பு இருக்கும் இடத்தில் புகை கசியும். சூட்டில் வருடக்கணக்காக வெந்த ரப்பர் ஹோஸ் பெரும்பாலும் கிளாம்பு ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் வெடித்திருக்கும்.

இவ்வளவு சோதனைக்குக் கூலி கொடுப்பதைவிட ஒரு பாகத்தை மாற்றிப் பார்ப்பது மலிவு என்பார்கள். முதல் பாகமே சரியாக அமைந்தால் அது உண்மைதான். அமையாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று கணக்கு நீளும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 எண்ணில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த விலையுயர்ந்த பாகம் அது. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயரோ ஆயில் எரிதலோ அதைக் கெடுத்திருந்தால், அந்தக் காரணத்தை விட்டுவைத்துப் புதியதைப் போட்டாலும் அதே கதிதான். கோளாறு எண்ணை அழித்தால் கார் நன்றாகத்தானே ஓடுகிறது என்ற வாதமும் உண்டு. தற்காலிகமாக வந்துபோன கோளாறானால் அழித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோளாறு நேர்ந்தபோது இருந்த வேகம், சூடு, பாரம் ஆகியவற்றைக் கணினி பதிந்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அந்தத் தடயமும் அழிந்துபோகும். கணினி இல்லாத காலத்தில் தேர்ந்த மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடவில்லையா என்பது வலுவான கேள்வி. அந்தக் காது இன்றும் வேண்டும். ஆனால் கார்புரேட்டர் கார் தன் குறையை இரைச்சலிலும் இழுவையிலும் காட்டிவிடும். இன்றைய கணினியோ குறையை ஈடுகட்டியே மறைத்துவிடுகிறது. மறைந்ததைக் காண அளவுகள் தேவை.

ஆகவே மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். விட்டுவிட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் என்பதால் வேகத்தைக் குறைத்து, வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எண்ணை அழிக்கும் முன் அதையும் அதோடு பதிவான விவரங்களையும் எழுதி வாங்குங்கள். "எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?" என்பதற்கு முன், "அந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் காரை ஒப்படையுங்கள். அவர் சோதனைக்குக் கேட்கும் கூலியையும் மனமுவந்து கொடுங்கள்.